ஜூடித் நின்ற இடம்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துப் பெண்கள் படம் எடுத்துக்கொள்ளக் கிளம்பும்போது ஏனோக்கிடம் போவதாகச் சொல்வதில்லை. ஜூடித்திடம் போவதாகத்தான் சொல்வார்கள். காமிரா ஏனோக்குடையது. தகரச் சுவரும் கண்ணாடிக் கூரையும் போட்ட படக்கொட்டகையும் அவனுடையதுதான். ஆனால் முன்பின் தெரியாத ஆண்பிள்ளை ஒருவன் மோவாயைத் தொட்டு நிமிர்த்தவும் முந்தானையை இழுத்துச் சரிசெய்யவும் எந்தப் பெண் சம்மதிப்பாள்? அதனால் பெண்களை நிற்க வைப்பது அவன் மனைவி ஜூடித்தின் வேலையாயிற்று. கல்யாணமாகி வேலூரிலிருந்து வந்த புதிதில் உதவிக்கென்று தொடங்கியது. போகப்போக அவளில்லாமல் கொட்டகை நடக்காது என்றாகிவிட்டது.

சுரங்கத் தொழிலாளர்களின் வீட்டு வரிசையான லைனிலிருந்து வருகிறவர்களுக்குப் படம் என்றால் ஒரே மாதிரிதான். இரண்டு காதும் தெரிய நேராகப் பார்த்து நிற்பார்கள். பத்து விரலையும் விரித்து முன்னால் வைப்பார்கள். போளூரிலோ ஆரணியிலோ இருக்கிற தாய் படத்தை வாங்கியதும் முதலில் விரல்களைத்தான் பார்ப்பாள். சுரங்கம் விரலைத் தின்னும் என்று அங்கேயும் எல்லோருக்கும் தெரியும். ஒரு விரல் மடங்கியிருந்தாலும் ஊரில் அழுகை தொடங்கிவிடும் என்பதால் ஆண்கள் எவ்வளவு சொன்னாலும் கையை மடக்க மாட்டார்கள். பெண்களைத்தான் ஜூடித் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். “ரெண்டு கால்லயும் பாரத்த போடாதடி, பின்காலுக்குக் குடு,” என்பாள். “கைய ஒடம்போட ஒட்டாத. கைக்கும் இடுப்புக்கும் நடுவுல வெளிச்சம் பூரணும். இல்லன்னா படத்துல மூட்ட மாதிரி விழுவ.” மூச்சை அடக்கச் சொல்ல மாட்டாள். அடக்கினால் தோள் ஏறிவிடும். முழுசாக வெளியே விட்டுவிட்டு, அடுத்த மூச்சை இழுக்காமல் இருக்கச் சொல்வாள். அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஏனோக் காமிராக் கண்ணின் மூடியைக் கழற்றி மறுபடி போட்டுவிடுவான்.

மில்லின் இரும்பு உலக்கைகள் இரவும் பகலும் பாறையை இடித்துக்கொண்டிருந்த ஊர் அது. தரை சதா அதிர்ந்துகொண்டே இருக்கும். காமிராவின் மூன்று கால்களுக்கடியிலும் மணல் மூட்டை போட்டிருந்தான் ஏனோக். ஆள் வந்து நின்ற பிறகு தெளிவு பார்க்க ஆரம்பித்தால், நிற்கிறவர்கள் களைத்துக் கோணலாகிவிடுவார்கள். அதனால் முதலில் ஜூடித் போய்த் திரைக்கு முன்னால் நிற்பாள். அவளை வைத்துக் காமிராவைச் சரிசெய்த பிறகு அவள் விலகிக்கொள்ள, வந்தவர்கள் அதே இடத்தில் நிற்பார்கள்.

அவளுக்கு அந்த நேரம் பிடிக்கும். ஏனோக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் சீக்கிரம் வெளியே வரமாட்டான். பின்காலில் பாரம் தந்து, இடது கையால் முந்தானை விளிம்பைப் பிடித்தும் பிடிக்காமலும், கழுத்தை ஒரு நூல் திருப்பி நிற்பாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. நின்று நின்று அதுவாக வந்த நிலை. வீட்டில் நாள் முழுவதும் தன்னை நிமிர்ந்து பார்க்காத மனிதன், அந்தத் துணிக்குள்ளிருந்து தன்னை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவள் எண்ணம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இத்தனை வருஷத்தில் அவள் படம் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. ஆரம்பத்தில் கேட்டிருக்கிறாள். “நாளைக்குப் பாக்கலாம்” என்பான் ஏனோக். நாளைக்கு வேறு யாராவது வந்துவிடுவார்கள். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆசை போய் விடவில்லை, என்றாவது அவனாகச் சொல்லட்டும் என்று விட்டாள். இப்படி வாய் திறக்காமல் காத்திருப்பவர்கள் தங்களைப் பொறுமைசாலிகள் என்று நினைத்துக்கொள்வது வழக்கம்.

ஒரு மாசி மாதத்தில் வெள்ளைக்காரப் படை தங்கியிருந்த பெங்களூர் தண்டுப் பகுதியிலிருந்து கிளாரன்ஸ் துரை ரயிலில் வந்திறங்கினார். சட்டைக்காரர் என்று ஊரில் சொல்கிற ஆங்கிலோ இந்தியர், ஒரு துணிக் கம்பெனியின் ஏஜென்ட். புடவைக் கட்டுகளின்மேல் ஒட்டுகிற வண்ணச் சீட்டுக்குப் படம் வேண்டும் என்றார். புடவை கட்டிய பெண் ஒருத்தி முழு உருவமாக நிற்க வேண்டும். முந்தானைக் கரை நன்றாகத் தெரிய வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்துக் கல்லச்சுக்காரன் கல்லில் சித்திரம் வரைந்து வண்ணம் சேர்த்து அச்சடிப்பானாம். பெட்டியிலிருந்து கரும்பச்சையில் அரக்குக் கரை போட்ட புடவை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஜூடித் அதைக் கையால் தடவிப் பார்த்தாள். தெரிந்த குடும்பத்துப் பெண் யார் இதற்குச் சம்மதிப்பாள்? கடை கடையாக ஒட்டப்போகிற படம். கொட்டகைக்காரன் மனைவி நின்றால் யாரும் தப்பாகப் பேச முடியாது. இதைவிடத் தோதாக ஒரு காரணம் இனி வராது என்று அவளுக்குத் தோன்றியது.

துரை வாசல் ஜன்னலில் வைத்திருந்த மாதிரிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றின்மேல் விரலை வைத்தார். “இந்தப் பொண்ணு யாரு?”

“அது ஜெயசீலிங்க,” என்றான் ஏனோக். “கோரமண்டல் சொரங்கத்துல ஆளுங்கள கேஜுல ஏத்தி எறக்கற சகாயத்தோட சம்சாரம்.”

“இது நிக்கட்டும்.”

ஏனோக் சரி என்று தலையாட்டினான். ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஜூடித் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துரை போன பிறகு, விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டாள்: “ஏங்க, நான் நின்னா ஆவாதா?”

ஏனோக் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். “நீயா? நீ நின்னுகினா அப்பறம் யாரு நிக்க வெக்கறது?”

கோபத்தோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவன் ரொம்ப சாதாரணமாகச் சொன்னான்.

மைசூர் மகாராணியின் படம் கடைத்தெருவில் தொங்குகிறது; அதைப் பார்த்து ஜூடித் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. எட்டாத உயரத்தில் இருப்பவர்கள் நம் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. நாம் பெருக்கித் துடைத்து வைத்த இடத்தில், நேற்று வந்த ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கும்போதுதான் நெஞ்சு எரிகிறது. ஜன்னலில் இருந்த ஜெயசீலியின் படத்தில் அந்த மோவாயைத் தாழ்த்தியது யார்? கன்னத்தில் விழுந்த முடியை ஒதுக்கியது யார்? துரைக்குப் பிடித்தது எதுவோ அது தன் கை செய்தது என்று ஜூடித்துக்குத் தெரியும். தெரிந்தது அவளுக்கு ஆறுதலாக இல்லை. வேதனையைத்தான் கூட்டியது.

ஜெயசீலி மறுவாரம் வந்தாள். பத்தொன்பது வயது. வாசலில் நுழையும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

“அக்கா, எங்கூட்டாரு ஷிப்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாருக்கா. கேஜுல எறங்கறவங்க எல்லாம், ‘இன்னா சகாயம், ஒம் பொண்டாட்டி துணி மேல ஏறப்போறாளாமே’ன்னு கேக்கறாங்களாம். எனுக்கு வெக்கமா கீது.”

“வெக்கமா கீதுன்னா ஏன்டி வந்த?”

“பொடவ குடுப்பாங்களாமே!” என்று சிரித்தாள். “நீங்க கீறீங்கன்னுதான் தெகிரியமா வந்தேன். எப்டி நிக்கணும்னு சொல்லுங்க. நீங்க சொன்னாப்ல நிக்கறேன்.”

ஜூடித் புடவையை உடுத்திவிட்டாள். கொசுவத்தை ஒழுங்காகவே மடித்தாள். அதில் குறை வைக்க அவள் கை ஒப்பவில்லை. அந்தப் பச்சை ஜெயசீலியின் நிறத்துக்கு எடுப்பாக இருந்தது. ரொம்பவே எடுப்பாக இருந்தது. உடுத்தி முடித்து எட்டி நின்று பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

கெட்டது எதுவும் செய்ய வேண்டியதில்லை. தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் ஏனோக் கண்டுபிடிப்பான். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். சொல்லாமல் விட்ட லைன் பெண்கள் எப்படி நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்: நட்டுவைத்த கம்பம் மாதிரி, இரண்டு காலிலும் பாரம், தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில். துரை படத்தைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். அதற்கப்புறம் வேறு ஆள் தேடுவார்கள். பொய் சொன்ன பாவமும் சேராது. தன் மனசாட்சியோடு இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பேசுகிறவர்கள் அதை ஏற்கெனவே ஏமாற்றிவிட்டவர்கள்தான்.

“ஜூடித்து, நில்லு,” என்றான் ஏனோக், துணிக்குள்ளிருந்து.

வழக்கம்போல அவள் போய்த் திரைக்கு முன் நின்றாள். மாடிப்படியும் பூந்தொட்டியும் எழுதிய திரை. அன்றைக்கு ஏனோக் நெடுநேரம் பார்த்தான். முழு உருவம், கரை வேறு தெரிய வேண்டும். அவள் அசையாமல் நின்றாள். இன்றைக்காவது இவன் வெளியே தலையை நீட்டி, நீயே நில் என்று சொல்லமாட்டானா என்று ஒரு பைத்தியக்கார ஆசை. ஜெயசீலி சுவரோரம் நின்று, வாயை மூடிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆச்சு. அந்தப் பொண்ண நிக்க வை.”

ஜூடித் விலகினாள். ஜெயசீலி போய் நின்றாள். “அக்கா?” என்றாள்.

“நில்லு,” என்றாள் ஜூடித். “அவ்ளோதான். சும்மா நில்லு.”

“கைய?”

“ஒன் கைய எங்கன்னா வெச்சுக்க.”

ஜெயசீலி ஒரு கணம் திகைத்தாள். பிறகு கண்ணை மூடித் திறந்தாள். பின்காலுக்குப் பாரத்தைக் கொடுத்தாள். இடது கை முந்தானை விளிம்பைப் பிடித்தும் பிடிக்காமலும் நின்றது. கழுத்து ஒரு நூல் திரும்பியது. உள்ளேயிருந்த மூச்சு முழுவதும் வெளியே போயிற்று.

ஏனோக் மூடியைக் கழற்றினான், போட்டான். “அடேயப்பா,” என்றான்.

ஜூடித் சொல்லிக்கொடுத்திருந்தால் ஜெயசீலிக்குத் தோதான வேறொரு நிலையைச் சொல்லியிருப்பாள். கொஞ்சம் சாய்வாக, கை இரண்டையும் கோத்து. அவளுக்கென்று ஒன்று. சொல்லாமல் விட்டதால் அந்தப் பெண் கண்முன்னால் இருந்ததை எடுத்துக்கொண்டாள். இதற்குத் திருட்டு என்று பேர் வைக்க முடியாது. வாசலைத் திறந்து போட்டது யார்?

தகட்டைக் கழுவிப் பிரதி எடுத்ததும் ஏனோக் அதை வெளிச்சத்தில் பிடித்துக் கொண்டாடினான். “பாரு, யாருமே சொல்லித் தராம எப்டி நின்னுகினு கீறா! அது பொறப்புலயே வரணும்.” ஜூடித் படத்தைப் பார்த்தாள். தன் தோள், தன் இடுப்பு, தன் கை. மேலே ஜெயசீலியின் முகம்.

“ஆமா,” என்றாள்.

சீட்டு அச்சாகி வர மழைக்காலம் ஆகிவிட்டது. கல்லச்சுக்காரன் முகத்தை மாற்றியிருந்தான். மூக்கை நீட்டி, கண்ணைப் பெரிதாக்கி, உதட்டில் சிவப்பு வைத்திருந்தான். ஜெயசீலி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நிலையை மட்டும் அவன் தொடவில்லை. அப்படியும் ஊரிகத்திலிருந்து மாரிக்குப்பம்வரை அதற்கு ‘ஜெயசீலி சீட்டு’ என்றே பேராகிவிட்டது. சகாயம் சொல்லி வைத்த வேலை அப்படி. பெண்கள் புடவை வாங்கினால் சீட்டைக் கிழியாமல் உரித்துத் தகரப்பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டார்கள்.

அப்புறம் கொட்டகைக்கு வருகிறவர்களும் அதே மாதிரி நிற்க வைக்கச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். தீபாவளி கழிந்த வாரம் மேஸ்திரி வீட்டுப் பார்வதம்மா வந்தாள். அகலமான மனுஷி, நகையெல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

“இன்னாம்மா, எப்டி நிக்கறீங்க?” என்று கேட்டாள் ஜூடித்.

“அந்த ஜெயசீலி நிக்கறாளே, அப்டி. ஒனக்குத் தெரியுமா அது?”

“தெரியும்,” என்றாள் ஜூடித்.

“கொஞ்சம் நின்னு காட்டு. சரியா கீதான்னு நான் பாத்துச் சொல்றேன்.”

ஜூடித் நின்று காட்டினாள். பார்வதம்மா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ம்ம். கிட்டத்தட்ட வருது. அவ கழுத்து இன்னும் கொஞ்சம் நல்லா திரும்பும்,” என்றாள்.

அன்று மாலை ஜூடித் சாப்பிடவில்லை. ஏன் என்று ஏனோக் கேட்டான். தலைவலி என்றாள். அவன் நம்பினான். நம்பியதும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

ஒருநாள் கடைத்தெருவில் ஜூடித்துக்கு எதிரே ஜெயசீலியே வந்தாள். அவளோடு பார்வதம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். ஏனோக் ரசாயன மருந்து வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்து நின்றான்.

“இன்னாடி, ஊரெல்லாம் ஒன்ன மாதிரி நிக்கறாங்க,” என்றாள் பார்வதம்மா.

“நான் எங்கம்மா நின்னேன்?” என்றாள் ஜெயசீலி. “எனுக்கு இன்னா தெரியும்? ஜூடித் அக்கா நின்னாங்க, அதப் பாத்து நான் நின்னேன். அவுங்களுதுதான் அது. முழுக்க அவுங்களுதுதான்.”

ஜூடித் எத்தனை மாதமாக இந்த ஒரு பேச்சுக்காகக் காத்திருந்தாள்! அதுவும் ஏனோக் கேட்க. தானே சொன்னால் பொறாமை தெரிந்துவிடும் என்று அவள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் நடுத்தெருவில் தானாகவே சொல்லிவிட்டாள்.

பார்வதம்மா ஜெயசீலியின் கன்னத்தைக் கிள்ளினாள். “பாரு, எவ்ளோ அடக்கமான பொண்ணு! இன்னொருத்தியா இருந்தா தலகீழா நடப்பா.” மற்ற பெண்களும் ஆமாம் என்றார்கள். ஏனோக் சிரித்தபடி, “பெரிய மனசு அதுக்கு,” என்றான். உண்மை சொல்லப்பட்டுவிட்டது. சொன்னவளுக்கே அது இன்னொரு நகையாகப் போய்ச் சேர்ந்தது. ஜெயசீலி மட்டும், “அய்ய, நெஜமாத்தான் சொல்றேன்,” என்று மறுபடி சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை, வெளிச்சம் ஏறியதும், ஜூடித் தன்னிடமிருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள்.

“என்னைய ஒரு படம் எடுங்க.”

“இப்பவா? பத்து மணிக்கு ஆளு வருது...”

“இப்ப.”

குரலில் என்னவோ இருந்தது. ஏனோக் மறுபேச்சுப் பேசாமல் தகட்டைப் போட்டான். அவள் போய் நின்றாள், எப்போதும்போல. மூடியைக் கழற்றினான், போட்டான். அன்று சாயங்காலம் பிரதியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தபோது அவன் முகத்தில் மெய்யான சந்தோஷம் இருந்தது.

“நல்லா வந்துக்கீது ஜூடித்து. அப்டியே ஜெயசீலி மாதிரியே நின்னுகினு கீற!”

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் அந்த எடத்துல எத்தினி வருசமா நிக்கறேன்?”

“ஏன், கல்யாணம் ஆனதுலருந்து.”

“அவ்ளோ நாளும் அந்தத் துணிக்குள்ள பூந்துகினு இன்னாத்த பாத்தீங்க?”

ஏனோக் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். அந்த ஒரு நாளைக்காவது தெரிந்திருக்கலாம். “ஒன் ஜாக்கெட்டுப் பொத்தான,” என்றான். “மேல்பொத்தான். உள்ள எல்லாம் தலகீழாத்தான தெரியும், மூஞ்சி ஒண்ணும் புரியாது. பொத்தான்ல நாலு ஓட்டை தனித்தனியா தெரிஞ்சிச்சின்னா மத்ததெல்லாம் தானா சரியா வந்துடும்.” தொழில் ரகசியத்தைப் பகிர்ந்துகொண்ட திருப்தியோடு அவளைப் பார்த்தான்.

ஜூடித் சிரித்துவிட்டாள். ஏன் சிரிக்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இனிமே பொத்தானுக்கு நான் வேணாம்,” என்றாள்.

அதோடு அவள் அந்த இடத்தில் நிற்பதை நிறுத்திவிட்டாள். ஏனோக் கெஞ்சிப் பார்த்தான். பிறகு அவளுடைய பழைய ரவிக்கை ஒன்றை ஒரு கம்பில் மாட்டித் திரைக்கு முன்னால் நட்டுத் தெளிவு பார்த்தான். படங்கள் முன்பு போலவே துல்லியமாக வந்தன.

பெண்களை நிற்க வைப்பதை மட்டும் அவள் விடவில்லை. ஆனால் யாருக்கும் தன் உடம்பால் நின்று காட்டுவதில்லை. ஜெயசீலி மாதிரி என்று யாராவது கேட்டால், “அது கெடக்கட்டும். நீ அந்த வாசல்லருந்து இங்க நடந்து வா, பாப்பம்,” என்பாள். நடந்து வருகிறவள் எந்தக் காலில் தயங்குகிறாள், கையை எங்கே வைக்கத் தெரியாமல் தவிக்கிறாள் என்று பார்த்து, அங்கிருந்தே அவளுக்கான நிலையை எடுப்பாள். ஏனோக் கொட்டகைப் படங்களில் ஒருத்தி மாதிரி இன்னொருத்தி நிற்பதில்லை என்று பெங்களூர்வரை பேச்சாயிற்று. அதை அவளுடைய மேன்மை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒவ்வொரு படம் உலர்ந்ததும் அவள் அதை ஜன்னலில் இருந்த ஜெயசீலியின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பாள். இது நன்றாயிருக்கிறது என்று தோன்றினால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவாள். மேன்மை அப்படிச் சாப்பிடுமா என்று தெரியவில்லை.

ஜெயசீலிக்கு வரிசையாகக் குழந்தைகள் பிறந்தன. ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் சகாயத்தோடு படம் எடுக்க வந்தாள். ஜூடித் அவளுக்காக வேறு யாருக்கும் செலவிடாத நேரத்தைச் செலவிட்டாள். குழந்தையை எந்தக் கையில் பிடிப்பது, வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழுவது, விரல்கள் எப்படி மடங்குவது என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. அந்தப் படங்கள் கொட்டகையிலேயே நல்ல படங்களில் சேர்ந்தவை.

“அக்கா, இந்தத் தடவையாவது நின்னு எடுத்துக்கறேனே,” என்பாள் ஜெயசீலி, புதுப்புடவையின் கரையை நீவிக்கொண்டே.

ஜூடித் நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போடுவாள். முதுகுப் பலகையைத் துணியால் துடைப்பாள்.

“உக்காருடி,” என்பாள்.